போர் தண்ணீரா, ஆர்.ஓ. தண்ணீரா? 4 நாள்களில் 7 செர்ரி இறால்களை இழந்தவனின் ஐயங்கள்

பம்மல்வாசி · பிப்ரவரி 9

அனைவருக்கும் வணக்கம். சிறுவயதில் கப்பி மீன் வளர்த்ததைத் தவிர எனக்கு இத்துறையில் வேறு அனுபவம் இல்லை. ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கி, கருப்புச் சிறுகற்களைக் கழுவிப் பரப்பி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஜாவா மாஸ் என்னும் நீர்ப்பாசியில் ஒரு கைப்பிடியும் வைத்தேன். எங்கள் அடுக்ககத்தின் போர் தண்ணீர் பாத்திரங்களில் வெள்ளைப் படிவு விடும் அளவுக்கு உப்பு மிகுந்தது. ஆகவே அதை ஒதுக்கிவிட்டு, சமையலறையிலுள்ள ஆர்.ஓ. கருவியிலிருந்து குடம் குடமாகப் பிடித்து ஊற்றினேன். மனிதர் குடிக்கிற தண்ணீர் இறாலுக்கு ஆகாமலா போகும் என்பது என் கணக்கு.

மூன்றாம் நாள், அழகுக்காக வளர்க்கும் சிறு நன்னீர் இனமான செர்ரி இறால்களில் 10 வாங்கி வந்து, பையைத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிட்டுத் திறந்துவிட்டேன். மறுநாள் காலையில் 2 இறந்து கிடந்தன. விட்ட நான்காம் நாளுக்குள் மொத்தம் 7 போய்விட்டன. எஞ்சிய 3 பாசிக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வருவதே இல்லை. விற்றவரிடம் கேட்டபோது, இறால் என்றால் அப்படித்தான், இன்னும் 10 வாங்கி விடுங்கள் என்றார். வாங்குவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மட்டும் என்னிடம் உண்டு. போர் தண்ணீர் 1100, ஆர்.ஓ. தண்ணீர் 60 காட்டுகிறது.

நீர்மட்டம் · பிப்ரவரி 9

வணக்கம் பம்மல்வாசி. நான் பெரம்பூரில் 8 ஆண்டுகளாக இறால் வளர்க்கிறேன். முதல் ஆண்டில் நான் இழந்தவற்றோடு ஒப்பிட்டால் உங்கள் 7 மிகச் சிறிய எண்.

"மூன்றாம் நாள்" என்ற சொல்லைப் படித்ததுமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. தொட்டியில் சேரும் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறும். அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக்கும், வேறு சில அந்த நைட்ரைட்டை ஓரளவு தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இந்த நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் போதிய அளவில் குடியேறுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இதைத்தான் நம் வட்டத்தில் சைக்கிளிங் என்கிறோம். இன்னொன்றும் உண்டு. செர்ரி இறால் நாள் முழுவதும் மேய்ந்துகொண்டே இருக்கும் உயிர். அது மேய்வது இலைகளின் மீதும் கற்களின் மீதும் படரும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலத்தை. மூன்று நாள் தொட்டியில் அந்தப் படலமே இருக்காது. அதாவது, சமையலறை இல்லாத வீட்டில் விருந்தினரைக் குடிவைத்துவிட்டீர்கள்.

ஆனால் என் மனம் இதோடு நிறைவடையவில்லை. விரற்கடை நீளமுள்ள 10 இறால்கள் ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீரில் ஒரே இரவில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு அம்மோனியாவை உண்டாக்கிவிட முடியாது. ஆகவே சில கேள்விகள். இறந்தவற்றின் உடலில் வெள்ளை வளையம் ஏதேனும் தெரிந்ததா? அந்த அறையில் கொசுவிரட்டி பயன்படுத்துகிறீர்களா? பாசிக்கு உரம் ஏதும் ஊற்றினீர்களா? ஆர்.ஓ. கருவியின் நிறுவனப் பெயர் வேண்டாம். அதில் என்னென்ன கட்டங்கள் இருப்பதாக முகப்பில் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

சிறுவாணிக்காரி · பிப்ரவரி 10

நீர்மட்டம் அண்ணா கேட்ட வெள்ளை வளையத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அதில் அடிபட்டவள் நான். கோவையில் எங்கள் வீட்டுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். குடிப்பதற்கு அதைப்போல் சுவையான தண்ணீர் கிடையாது என்று ஊரே பெருமை பேசும். இறாலுக்கோ அந்த மென்மையே வினையானது. இறால் வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு அணிய வேண்டும். அதற்கான கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் உணவிலிருந்து மட்டுமன்றித் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அவை போதாதபோது, தலையும் வயிறும் சேருமிடத்தில் முதுகுப்புறம் மட்டும் பிளக்க வேண்டிய ஓடு சுற்றிலும் பிளந்து, இறால் வெளியேற முடியாமல் சிக்கி இறக்கும். அந்தப் பிளவுதான் வெள்ளை வளையமாகத் தெரியும்.

60 டி.டி.எஸ். கொண்ட தண்ணீர் செர்ரி இறாலுக்கு மிக மென்மையானது. ஜி.எச். என்னும் பொதுக் கடினத்தன்மை 6 முதல் 8 வரையிலும், கார்பனேட் கடினத்தன்மையாகிய கே.எச். 2-க்குக் குறையாமலும் இருந்தால் நல்லது. நான் இறாலுக்கென விற்கும் தாது உப்பைக் கலந்துதான் சமாளிக்கிறேன். மற்றொன்று: தொட்டியில் வெறும் ஓடு கிடந்தால் இறால் இறந்துவிட்டது என்று பதறி எடுத்தெறிந்துவிடாதீர்கள். அவை அதைத் தின்று தாதுக்களை மீட்டுக்கொள்ளும்.

பாசிபடிந்தவன் · பிப்ரவரி 10

எல்லோரும் பொறுத்தருள வேண்டும். நான் திருநெல்வேலியில் மொட்டைமாடியின் நிழலில் ஒரு சிமென்ட் தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி இறால் வளர்க்கிறேன். மீட்டர் கிடையாது, சொட்டு மருந்துச் சோதனை கிடையாது, தாது உப்பும் கிடையாது. சுவரெல்லாம் பச்சைப் பாசி. அதற்குள் இருநூறு இறாலாவது இருக்கும். புதியவர் ஒருவர் வந்து கேட்டால் எண்களை அடுக்கி அவரை மிரட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. நல்ல கிணற்றுத் தண்ணீர், வெயிலில் ஊறிய பாசி, இரண்டு மாதப் பொறுமை ஆகிய மூன்றும் போதும் என்பது என் கட்சி.

நீர்மட்டம் · பிப்ரவரி 10

பாசிபடிந்தவன் ஐயா, உங்கள் பொறுமையை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் நல்ல கிணறு வாய்த்தவர் மீட்டர் வேண்டாம் என்பது, சொந்த நிலத்தில் நெல் விளைவிப்பவர் அரிசி விலை கேட்காதது போன்றது. பம்மலின் போர் தண்ணீரையும் உங்கள் கிணற்றையும் ஒரே தட்டில் வைக்க இயலாது.

பம்மல்வாசி · பிப்ரவரி 11

கேள்விகளுக்கு வரிசையாக விடை சொல்கிறேன். இறந்தவற்றில் இரண்டின் கழுத்தருகே வெள்ளை வளையம் இருந்ததாக நினைவு. மற்றவற்றில் இல்லை, அவை பக்கவாட்டில் விழுந்து கால்களை உதறிக்கொண்டே இறந்தன. உரம் ஊற்றவில்லை. கொசுவிரட்டித் திரவம் ஒவ்வோர் இரவும் அதே அறையில் எரிகிறது. ஏர் பம்ப்பும் அதே அலமாரியில்தான் இருக்கிறது.

ஆர்.ஓ. கருவியைப் பற்றிய கேள்வி ஏனென்று முதலில் புரியவில்லை. போய்ப் பார்த்தேன். முகப்பில் பெரிய எழுத்தில் "காப்பர்" என்றிருக்கிறது. தண்ணீரில் தாமிரச் சத்தைச் சேர்க்கும் கட்டம் ஒன்று இருக்கிறதாம். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் தண்ணீர் பிடித்து வைத்த குடமும் செப்புக்குடம். உடம்புக்கு நல்லது என்று அம்மா இரவே அதில் நிரப்பி வைப்பார். காலையில் நான் அதைத் தொட்டியில் ஊற்றினேன்.

வேதியியல் வாத்தியார் · பிப்ரவரி 11

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செப்புக்குடம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நமது குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் வேலையை இரும்பு கொண்ட ஹீமோகுளோபின் செய்வதுபோல, இறாலின் குருதியில் தாமிரம் கொண்ட ஹீமோசயனின் அதைச் செய்கிறது. ஆகவே தாமிரம் அதற்குத் தேவைதான். ஆனால் உணவின் வழியே கிடைக்கும் நுண்ணளவு போதும். தண்ணீரில் கரைந்த தாமிர அயனி செவுள்களைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி தாமிரத்தின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அது மனிதருக்கு வகுத்த எல்லை. அதில் மேல் எல்லையின் ஒரு சிறு பங்கே இறாலைக் கொல்லப் போதும். மென்மையான தண்ணீரில் கால்சியத்தின் காப்பும் குறைவு என்பதால் தாமிரத்தின் நஞ்சு இன்னும் கூடும். நீங்கள் மென்மையான தண்ணீரையும் தாமிரத்தையும் ஒரே குடத்தில் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். தாமிரபரணிக் கரையிலிருக்கும் நண்பர் அஞ்ச வேண்டாம். அங்கே தாமிரம் பெயரில் மட்டும்தான்.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றியும் ஒரு சொல். அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்துள்ள பொருள்களின் மொத்தத்தைத் தோராயமாகச் சொல்லும் கருவி. அந்தப் பொருள் சுண்ணாம்பா, சமையல் உப்பா, தாமிரமா என்பது அதற்குத் தெரியாது. சென்னையில் கடலை ஒட்டிய சில பகுதிகளின் நிலத்தடி நீரில் சோடியம் குளோரைடு மிகுந்திருக்கும். 1100 என்ற எண்ணைக் கண்டு கடினத்தன்மை அதிகம் என்று முடிவுகட்ட முடியாது. சொட்டு முறையில் ஜி.எச்., கே.எச். சோதிக்கும் பெட்டி ஒன்றை வாங்குங்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பொழுதுபோக்கில் செலவிடும் பணத்தில் மிகப் பயனுள்ள பகுதி அதுதான்.

நீர்மட்டம் · பிப்ரவரி 12

வாத்தியார் ஐயா சொன்னபின் காரணம் தேடும் வேலை முடிந்துவிட்டது. இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

எஞ்சிய 3 இறால்களை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றுங்கள். அதில் 20 லிட்டர் கேன் தண்ணீரோடு சிறிதளவு போர் தண்ணீரைச் சேர்த்து, பாசியில் பாதியைப் போட்டு, ஏர் பம்ப்பின் குழாயை விடுங்கள். கண்ணாடித் தொட்டியின் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் கற்களையும் ஸ்பாஞ்சையும் அலசுங்கள். புதிதாகத் தொடங்குவதே மேல். செப்புக்குடம் அம்மாவுக்கே இருக்கட்டும். பம்ப்பை அடுத்த அறைக்கு மாற்றி, நீண்ட குழாயால் இணையுங்கள். கொசுவிரட்டிகளில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் ஓடுடைய நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. பம்ப் என்பது அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்தும் கருவி என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மாநகராட்சியினர் தெருவில் கொசுப்புகை அடிக்க வரும்போதும் சன்னலைச் சாத்தி, பம்ப்பைச் சிறிது நேரம் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர்க் கலவைக்கு ஒரு கணக்கு. தாமிரம் சேர்க்காத 60 டி.டி.எஸ். தண்ணீரில் 8.2 லிட்டரும் 1100 டி.டி.எஸ். போர் தண்ணீரில் 1.8 லிட்டரும் சேர்த்தால் 10 லிட்டருக்கு ஏறத்தாழ 250 வரும். அப்போது ஜி.எச். என்ன என்று சோதித்துச் சொல்லுங்கள். மெட்ரோ தண்ணீர் கலக்க நேர்ந்தால் குளோரினை நீக்கும் மருந்து கட்டாயம்.

பம்மல்வாசி · பிப்ரவரி 16

சோதனைப் பெட்டி வந்துவிட்டது. போர் தண்ணீரின் ஜி.எச். 28, நீங்கள் சொன்ன கலவையின் ஜி.எச். 6, கே.எச். 3, பி.எச். 7.4. மூன்று இறால்களில் ஒன்று மட்டுமே பிழைத்திருக்கிறது. தொட்டியை நிரப்பிவிட்டேன். வெறும் தொட்டியில் நுண்ணுயிர்களை எப்படி வளர்ப்பது?

சிறுவாணிக்காரி · பிப்ரவரி 16

கலவை மிக நன்று. என் தாது உப்புச் செலவை நினைத்துப் பொறாமையாக இருக்கிறது. இரண்டு நாளுக்கொரு முறை ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா தரும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பின் இறங்கி, இரண்டும் பூஜ்யத்தில் ஒரு வாரமாவது நிற்க வேண்டும். அறிமுகமானவரின் பழைய தொட்டி ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் விரைவாகும், ஆனால் அதோடு பிளனேரியா, ஹைட்ரா போன்ற வேண்டாத உயிர்களும் வந்து சேரக்கூடும். குளத்திலிருந்து வேலம்பாசியைப் பறித்து வந்து போடும் ஆசையும் வேண்டாம். அதன் வழியாக என் தொட்டிக்குள் ஊசித்தட்டானின் இளவுயிரி ஒன்று நுழைந்து, நான் கண்டுபிடிப்பதற்குள் குஞ்சுகளில் பாதியைத் தின்று தீர்த்தது.

பாசிபடிந்தவன் · பிப்ரவரி 17

தாமிர விவகாரத்தில் என் வாயடைத்துப் போனது உண்மை. குடத்தைப் பற்றி நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஈடாக ஒரு யோசனை: சென்னைத் தெருக்களில் நிழலுக்காக வளர்க்கும் நாட்டு வாதுமை மரத்தின் கீழ் தானாகச் சிவந்து காய்ந்து விழுந்த இலை ஒன்றை எடுத்து, கழுவி, கொதிநீரில் முக்கிப் போடுங்கள். ஒரு வாரத்தில் அது மென்மையாகி, அதன் மீது படலம் வளரும். தண்ணீர் தேநீர் நிறமாவதைக் கண்டு கலங்க வேண்டாம். விளக்கை நாளொன்றுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள், பின்புறக் கண்ணாடியில் வளரும் பாசியைச் சுரண்டவும் வேண்டாம். அழகுக்கு முன்கண்ணாடி ஒன்று போதும்.

பம்மல்வாசி · மார்ச் 24

ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. இரண்டாம் வாரத்தில் அம்மோனியாவும் நான்காம் வாரத்தில் நைட்ரைட்டும் உச்சத்தைத் தொட்டன. கடந்த 9 நாள்களாக இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் 10 காட்டுகிறது. நத்தைகள் இரண்டு எங்கிருந்தோ வந்திருக்கின்றன. கொளத்தூரில் வீட்டிலேயே இறாலைப் பெருக்கி விற்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, அவருடைய தண்ணீரின் டி.டி.எஸ். 310 என்றும் கேட்டு வைத்துவிட்டேன். 15 இறால்கள் வாங்கவுள்ளேன். எப்படி உள்ளே விடுவது?

நீர்மட்டம் · மார்ச் 24

விற்பவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்ட அன்றே நீங்கள் தொடக்கநிலையைக் கடந்துவிட்டீர்கள். பையைத் திறந்து, இறால்களைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் கிடைக்கும். அதைத் தொட்டியிலிருந்து பாத்திரத்துக்கு இழுத்து, நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி அதன் திருகைச் சரிசெய்யுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் பாத்திரத்தின் தண்ணீர் மூன்று மடங்காகும். பிறகு சிறு வலையால் இறாலை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் வேண்டாம். நத்தைகளை ஒழிக்க மருந்து வாங்கிவிடாதீர்கள், அவற்றில் பலவற்றின் மூலப்பொருள் மீண்டும் தாமிரம்தான்.

ஈரோட்டு இளையவன் · மார்ச் 26

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே அளவுத் தொட்டியில் செர்ரி இறாலோடு அமானோ இறாலையும் கப்பி மீனையும் சேர்த்து வளர்க்கலாமா?

சிறுவாணிக்காரி · மார்ச் 26

கப்பி மீன், வாயில் அடங்கும் இறால் குஞ்சுகளைத் தின்னும். குஞ்சு வேண்டுமென்றால் சேர்க்காதீர்கள். அமானோ இறாலைச் சேர்க்கலாம். ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ பாசியைக் கட்டுப்படுத்துவதற்காகப் பரவலாக்கிய இனம் அது. ஆனால் அதன் இளவுயிரிகள் உப்புக் கலந்த தண்ணீரில்தான் வளரும் என்பதால் உங்கள் தொட்டியில் பெருகாது. செர்ரி இறாலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் முட்டையிலிருந்து வெளிவருவதே முழு வடிவச் சிற்றிறால். சிவப்பு, நீலம், மஞ்சள் எனப் பல நிறங்களை ஒன்றாக விட்டாலும் ஏமாற்றம்தான். சில தலைமுறைகளில் காட்டினத்தின் பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிடும்.

பம்மல்வாசி · ஏப்ரல் 20

15-உம் உயிரோடு இருக்கின்றன. பழைய ஒன்றையும் சேர்த்தால் 16. இரண்டு நாளுக்கொரு முறை நன்கு கழுவி வேகவைத்த முருங்கையிலை நான்கைந்து போடுகிறேன், எஞ்சியதை மாலையில் எடுத்துவிடுகிறேன். இப்போது கவலை வெயில். நேற்றுப் பிற்பகல் தண்ணீர் 32 பாகையைத் தொட்டது. ஐஸ் கட்டி போடலாமா?

வேதியியல் வாத்தியார் · ஏப்ரல் 20

ஐஸ் கட்டி வேண்டாம். வெப்பநிலை திடீரென்று இறங்கி ஏறுவது வெப்பத்தைவிடக் கேடு. 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நன்னீரில், 32 பாகையில் 7.3 மில்லிகிராம்தான் கரையும். அதே நேரத்தில் இறாலின் தேவையோ கூடியிருக்கும். ஆகவே காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் மீது சாய்வாக வீசும்படி ஒரு சிறு மின்விசிறியை வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டு போகும். கோவையின் வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். சென்னையின் புழுக்கத்தில் சற்றுக் குறைவாகத்தான் குளிரும், எனினும் 2 முதல் 3 பாகை இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, தாதுக்கள் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஈடுசெய்யத் தாமிரம் சேராத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். கலவைத் தண்ணீரை ஊற்றினால் ஒரு மாதத்தில் டி.டி.எஸ். எங்கோ போயிருக்கும். கலவை, வாரந்தோறும் 10 விழுக்காடு தண்ணீர் மாற்றும்போது மட்டும்.

நீர்மட்டம் · ஏப்ரல் 21

கோடையில் மின்வெட்டும் வரும். பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். வழக்கமான பம்ப்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைக்கவில்லையென்றால், மின்சாரம் போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கித் தரையை நனைக்கும். என் புனைபெயர் வந்த கதை அதுதான்.

பம்மல்வாசி · மே 17

விசிறி வைத்தபின் 29.5-க்கு மேல் ஏறவில்லை. ஏப்ரல் இறுதியில் ஒரு பெண் இறாலின் வயிற்றடியில் மஞ்சள் நிற முட்டைகளைக் கண்டேன். அதற்கு முன்பே அதன் முதுகில் சேணம் போன்ற மஞ்சள் திட்டு இருந்ததை நான் நோய் என்று அஞ்சி இங்கே கேட்க நினைத்து, கூச்சத்தால் விட்டுவிட்டேன். அந்தச் சினை இறால் மூன்று வாரம் முட்டைகளைக் கால்களால் விசிறிக்கொண்டே இருந்தது. நேற்றிரவு கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, வாதுமை இலையின் மீது கண்ணும் மீசையும் மட்டும் தெரிகிற, இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் துகள்களாக 14 குஞ்சுகளை எண்ணினேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது: இவை பெருகிவிட்டால் எங்கள் ஊர் ஏரியில் விடலாமா?

பாசிபடிந்தவன் · மே 17

கூடவே கூடாது. தைவான், சீனா பக்கத்து இனம் இது. தொட்டியிலிருந்து வெளியேறி ஐரோப்பாவின் சில நீர்நிலைகளில்கூடக் குடியேறிவிட்டது. நம் ஏரிகளுக்கென்று சொந்த இறால்கள் உண்டு. மிகுந்ததை நம்மவர் யாருக்காவது கொடுங்கள். ஈரோட்டுத் தம்பி காத்திருக்கிறார்.

பம்மல்வாசி · மே 18

அப்படியே செய்கிறேன். ஆகஸ்டு மாதத்தில் 10 இறால்கள் அவருக்கு. அதற்குள் அவர் தம் வீட்டுத் தண்ணீரின் ஜி.எச்., கே.எச். அளவுகளை இங்கே எழுதட்டும். வீட்டில் செப்புக்குடம் இருக்கிறதா என்பதையும்.